பி450 போர்டு போட்டாச்சு, இனி ரைசன் 5 2600-ஐ 4 ஜிகாஹெர்ட்ஸில் ஓட்டுவது எப்படி

ஏஎம்டியின் ரைசன் 5 2600 ப்ராசசரை ஏ320 சிப்செட் உள்ள மதர்போர்டோடு வாங்கியவர்கள் நிறையப் பேர். அந்த சிப்செட்டில் ப்ராசசரை ஓவர்கிளாக் செய்ய, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்ட, ஏஎம்டி வழியே விடவில்லை. ஆனால் ப்ராசசரில் எந்தப் பூட்டும் கிடையாது, வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கெண்ணான மல்டிப்ளையர் திறந்தேதான் இருக்கிறது. பி450 போர்டுக்கு மாறிய அன்றே கதவு திறந்துவிடுகிறது. ஒன்றை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: ஓவர்கிளாக் செய்து ப்ராசசர் பழுதானால் ஏஎம்டி வாரண்டி அதற்குப் பொருந்தாது.

போர்டை மாற்றும்போதே கவனிக்க வேண்டியவை சில. ஏஎம்4 (2600 பொருந்தும் சாக்கெட் வகை) ப்ராசசரில் பின்கள் ப்ராசசரின் அடியில்தான் இருக்கின்றன, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் கூலரோடு ப்ராசசரையும் சேர்த்து சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பின் வளைந்தால் மொத்தமும் போச்சு. அதனால் கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஏதாவது கேம் ஓட்டிச் சூடாக்குங்கள், பிறகு ஆஃப் செய்து ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகிய பிறகே தூக்குங்கள். ரேம் இரண்டு குச்சி என்றால் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். ப்ராசசருக்கான பவர் கனெக்டரில் 8 பின்னும் செருகியிருக்க வேண்டும். பழைய மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளையில்) 4 பின் மட்டும்தான் இருக்கிறது என்றால் முதலில் அதை மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். விண்டோஸ் லைசென்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிட்டுப் போர்டை மாற்றினால் ஆக்டிவேஷன் தொல்லை குறையும். டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீயை வேறு இடத்தில் எடுத்து வைத்த பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரையே தொட வேண்டும்.

எல்லாம் ஓடுகிறதா, சரி. உடனே வேகத்தைக் கூட்டாதீர்கள். முதலில் ரேமைப் பாருங்கள், ஏனென்றால் கேம் ஆடுபவர்களுக்கு நல்ல பலன் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கிறது. இந்தத் தலைமுறை ரைசனில் உள்ளே கோர்களை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக், ரேமின் வேகத்தோடு சேர்ந்தே ஓடுகிறது, ரேம் மெதுவாக இருந்தால் கோர்களுக்கு இடையேயான பேச்சும் மெதுவாகிவிடும். 3200 என்று எழுதிய ரேமை வாங்கிப் போட்டுவிட்டு, பயாஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை எழுதியிருக்கும் வேகத்திலேயே ஓட்டும் அமைப்பை, ஆன் செய்யாமல் 2133-லேயோ 2400-லேயோ ஓட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஆன் செய்யுங்கள், அந்த ஒரு மாற்றத்தோடு சில நாள் ஓட்டிப் பாருங்கள். 3200-இல் தடுமாறினால் 3000-க்கு இறக்குங்கள், ரைசன் 5 2600-க்கு ஏஎம்டி சொல்லும் ரேம் வேகமே 2933 வரைதான்.

இப்போது ப்ராசசர். கம்பெனி அமைப்பில் 2600-இன் அடிப்படை வேகம் 3.4 ஜிகாஹெர்ட்ஸ், பூஸ்ட் 3.9. அந்த 3.9 ஒன்றிரண்டு கோர் வேலை செய்யும்போதுதான் வரும், ஆறு கோரும் முழுமூச்சில் ஓடினால் பெரும்பாலும் 3.6, 3.7 பக்கம் வந்து நின்றுவிடும். மல்டிப்ளையரை நாமே நிர்ணயித்தால் ஆட்டோ பூஸ்ட் போய்விடும். ஆகவே 3.8-இல் பூட்டி வைத்தால் ஒரு கோர் வேலையில் முன்பைவிட மெதுவாகிவிடும், அதற்கு ஓவர்கிளாக் செய்யாமலே இருக்கலாம். எல்லாக் கோரும் 4.0 என்பதுதான் நியாயமான இலக்கு.

பெட்டியோடு வரும் கூலர் முழுக்க அலுமினியம், கம்பெனி அமைப்பின் 65 வாட்டுக்கு அது போதும், 4.0-க்குத் திணறும். 120 எம்எம் ஃபேன் உள்ள டவர் கூலர் ஒன்று வாங்குங்கள். இதில் பலர் விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு: பழைய கூலர் கீழ்நோக்கி ஊதியதால் ப்ராசசருக்குப் பக்கத்தில் இருக்கும் விஆர்எம்முக்கும் (ப்ராசசருக்கு வோல்டேஜ் தரும் பகுதிக்கும்) காற்று கிடைத்தது, டவர் கூலரில் அது கிடைக்காது. விலை குறைந்த சில பி450 போர்டுகளில் விஆர்எம் மேல் ஹீட்சிங்க்கூட இல்லை. அதனால் கேபினட்டின் பின்பக்கம் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம்.

பயாஸில் மல்டிப்ளையரை 38 என்று வைத்து ஆரம்பியுங்கள், அது பெருக்கும் பேஸ் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸைத் தொட வேண்டாம் (38 × 100 = 3.8 ஜிகாஹெர்ட்ஸ்). வோல்டேஜை ஆட்டோவில் விடாதீர்கள், தேவைக்கு மேல் ஏற்றிவிடும் போர்டுகள் உண்டு. கையால் 1.25 வோல்ட் கொடுங்கள். விண்டோஸுக்குள் போய் சூட்டையும் வோல்டேஜையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாக் கோரையும் முழுச் சுமையில் சோதிக்கும் சினிபெஞ்ச் ஆர்23-ஐப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். தாங்கினால் 39, பிறகு 40 என்று ஒவ்வொரு படியாக ஏறுங்கள். தொங்கினாலோ நீலத்திரை வந்தாலோ வோல்டேஜை 0.0125, 0.025 என்று சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். 1.35-ஐ என் எல்லைக்கோடாக வைத்திருக்கிறேன், தினசரி ஓட்டத்துக்கு அதற்கு மேல் போக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

காரணம் எளிய கணக்கு. மின்செலவு, வேகத்துக்கு நேர்விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. 3.7-இல் 1.2 வோல்ட், 4.0-இல் 1.35 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் வேகம் 8 சதவீதம்தான் கூடியிருக்கும், மின்சாரமும் சூடும் சுமார் 37 சதவீதம் கூடியிருக்கும். 4.0-ஐ 1.3-இலேயே தாங்கும் சிப் கிடைத்தால் கொண்டாடுங்கள். 4.2-ஐத் துரத்துவது எனக்கு வீண்வேலையாகவே படுகிறது. அதைவிட வேகம் வேண்டுமென்றால் பயாஸ் அப்டேட் செய்து இதே போர்டில் ரைசன் 5 5600-ஐப் போடலாம்.

முழுச் சுமையில் 80 டிகிரியைத் தாண்டாமல் பாருங்கள். இந்தச் சிப்பின் உச்சவரம்பு 95 டிகிரி, ஆனால் மார்கழியில் பார்த்த 80, சித்திரை வெயிலில் அறை பத்து டிகிரி கூடினால் 90 ஆகிவிடும்.

அளவு அமைந்தபின் ஓசிசிடி அல்லது பிரைம்95 என்ற சோதனை மென்பொருளை ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ (ஹார்டுவேர்) பிழை ஏதாவது விழுந்திருந்தால், மெஷின் தொங்கவில்லை என்றாலும் அது நிலையான ஓவர்கிளாக் ஆகாது, ஒரு படி இறங்குங்கள். திரையே வராமல் போனால் பயப்பட வேண்டாம்: மின்சாரத்தைத் துண்டித்து, போர்டில் உள்ள சிமாஸ் ஜம்பரை (பயாஸ் அமைப்பை அழிக்கும் பின்களை) ஷார்ட் செய்யுங்கள், அல்லது பட்டன் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டுங்கள், எல்லாம் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். இறுதி மதிப்புகளைப் பயாஸில் ப்ரொஃபைலாகச் சேமியுங்கள், கூடவே அந்தத் திரையை மொபைலில் போட்டோவும் எடுத்து வையுங்கள், பயாஸ் அப்டேட் செய்தால் சேமித்த ப்ரொஃபைல்கள் அழிந்துபோக வாய்ப்பு உண்டு.