நெட்ஹேக்கில் முதல் 2000 டர்ன்: பழைய கடினமான விளையாட்டை இன்று ஆடிப் பார்ப்பது எப்படி?

பழைய சர்வைவல் விளையாட்டுகள் இன்றும் தாக்குப்பிடிக்குமா என்று கேட்பவர்களில் பலர், ஒன்றை இறக்கி, பத்து நிமிடத்தில் நான்கு முறை செத்து, "இதெல்லாம் அந்தக் காலத்துக்குத்தான் சரி" என்று மூடிவிடுகிறார்கள். பத்து நிமிடத்தில் தெரிவது விசைகளின் குழப்பம் மட்டுமே. விளையாட்டு எப்படிப்பட்டது என்று தெரிய, குறைந்தது 2000 டர்ன் (ஓரடி நகர்வதோ ஒரு செயலோ ஏறத்தாழ ஒரு டர்ன்) உயிரோடு இருக்க வேண்டும். அதுவரை கொண்டுபோய் விடுவதற்கே இந்தச் செய்முறை.

எடுத்துக்கொண்டிருப்பது நெட்ஹேக். 1980-ல் வந்த ரோக், அதைப் பார்த்து ஜே ஃபென்லசன் 1982-ல் எழுதிய ஹேக், அதிலிருந்து 1987 ஜூலையில் நெட்ஹேக். இன்றும் இலவசம். ஒரே உயிர், தீர்ந்துகொண்டே வரும் பசி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாக உருவாகும் நிலவறை. இன்று சர்வைவல் என்ற பெயரில் விற்கும் விளையாட்டுகளின் எலும்புக்கூடு இதில் முழுசாக இருக்கிறது.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதன் கடினம் இன்றும் நிற்கிறது. இங்கே பெரும்பாலான சாவுகளுக்குத் தெளிவான காரணம் உண்டு. காரணத்தைத் தெரிந்துகொண்டால் அடுத்த ஆட்டத்தில் அதே விஷயம் உங்களைக் கொல்லாது. பழசாகிப்போனது விசைகளும், எதையும் கற்றுத் தராத தொடக்கமும்தான். அந்தக் குறையைத்தான் கீழே நிரப்புகிறோம்.

படி 1: இறக்குவது

3.6 வரிசையில் எது கிடைத்தாலும் போதும், 3.6.7 என்பது 2023 பிப்ரவரியில் வந்தது. விண்டோஸுக்கு நெட்ஹேக்கின் அதிகாரபூர்வத் தளத்தில் ஜிப் கோப்பு இருக்கிறது. உபுண்டு, டெபியனில் நெட்ஹேக்-கன்சோல் என்ற பேக்கேஜ். விண்டோஸ் ஜிப்பில் படங்களோடு ஒன்று, வெறும் எழுத்துகளோடு ஒன்று என இரண்டு இருக்கும். எழுத்து வடிவத்தையே எடுங்கள். படங்கள் அழகுதான். ஆனால் ஆபத்தை எழுத்தும் நிறமும் சொல்வதுபோல அந்தக் குட்டிப் படங்கள் சொல்வதில்லை. உலகத்தில் உள்ள உதவிக் குறிப்புகளும் எழுத்தை வைத்தே எழுதப்பட்டவை.

படி 2: நான்கு அமைப்புகள்

ஆட்டத்துக்குள் கேபிடல் ஓ அடித்தால் அமைப்புப் பட்டியல் வரும். பக்கம் திருப்ப > விசை.

டைம் என்பதை இயக்குங்கள். கீழ் வரியில் டர்ன் எண் தெரியும். பலர் இதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். சாப்பாடும் பிரார்த்தனையும் இந்த எண்ணை நம்பியே இருக்கின்றன. இது இல்லாமல் கீழே உள்ள எதையும் செய்ய முடியாது.

கலர் அணைந்திருந்தால் இயக்குங்கள்.

ஆட்டோபிக்அப் இயங்கட்டும். ஆனால் பிக்அப்-டைப்ஸ் என்ற இடத்தில் $?!/="+ என்ற குறிகளை மட்டும் கொடுங்கள். காசு, சுருள், மருந்து, மந்திரக்கோல், மோதிரம், தாயத்து, புத்தகம் மட்டும் தானாகப் பைக்குள் போகும். இல்லையென்றால் வழியில் கிடக்கும் கல், இரும்பெல்லாம் ஏறி, கீழ் வரியில் பர்டன்ட் என்று வந்துவிடும். சுமை ஏறினால் நடை தளரும். எதிரி நான்கடி வைக்க நீங்கள் மூன்றடிதான் வைப்பீர்கள்.

(பின்னர் சேர்த்தது: "அமைப்பு நிற்கவில்லை, அடுத்த ஆட்டத்தில் பழையபடி ஆகிவிட்டது" என்ற சந்தேகம் வந்தது. கேபிடல் ஓ வழியாக மாற்றுவது அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டுமே. நிரந்தரமாக வேண்டுமென்றால் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். லினக்ஸில் அது ஹோம் ஃபோல்டருக்குள், புள்ளியில் தொடங்கும் நெட்ஹேக்-ஆர்சி கோப்பு.)

படி 3: யாராக ஆடுவது

பதின்மூன்று பாத்திரங்கள் உண்டு. தானாகத் தேர்ந்தெடுக்கட்டுமா என்று கேட்கும்போது என் அடித்து மறுத்துவிட்டு, வால்கைரி என்ற போர்வீராங்கனை, அதிலும் குள்ளர் இனம் என்று எடுங்கள். நீளவாள், ஒரு குறுவாள், கேடயம், ஒரு பொட்டலம் உணவோடு இறங்குவாள். குளிர் தாக்காது, நடக்கும் சத்தம் கேட்காது, உடல் உரமும் அதிகம். குள்ளர் இனம் என்பதால் சுரங்கப் பகுதியில் இருக்கும் குள்ளர்களும் நோம்களும் (குட்டி மனித உருவங்கள்) பெரும்பாலும் சண்டைக்கு வரமாட்டார்கள். தொல்லியலாளர், சுற்றுலாப் பயணி ஆகியோரைப் பழகிய பிறகு தொடுங்கள்.

படி 4: நடை

அம்புக்குறி விசைகள் நான்கு திசைக்கு. மூலைவாட்டில் போக ஒய், யூ மேல் இரண்டு மூலைக்கும், பாம்பேயின் பி, என் கீழ் இரண்டு மூலைக்கும். கதவு இருக்கும் கட்டத்தில் மூலைவாட்டில் நுழையவும் முடியாது, வெளியேறவும் முடியாது. "விசை வேலை செய்யவில்லை" என்று புதியவர்கள் நினைக்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

வழி முடிந்துபோனால் 15 என்று அடித்து ஸ்மால் எஸ் அடியுங்கள். பதினைந்து டர்ன் சுவரைத் தடவித் தேடும். _ அடித்து, > அடித்து, புள்ளி வைத்தால் கண்டுபிடித்த படிக்கட்டுக்குத் தானே நடந்து போகும்.

படி 5: சாப்பாடும் பிரார்த்தனையும்

ஆட்டம் பிடிபடுவதும் கைநழுவுவதும் இந்தப் படியில்தான். நிதானமாகப் படியுங்கள்.

தொடங்கும்போது வயிற்றில் 900 புள்ளி. டர்னுக்கு ஒன்று வீதம் குறையும். 150-க்கு வந்ததும், அதாவது ஏறத்தாழ 750-ஆவது டர்னில், கீழ் வரியில் ஹங்க்ரி என்று வரும். 50-க்குக் கீழே போனால் வீக். பூஜ்யத்துக்கும் கீழே போனால் மயங்கி மயங்கி விழுவீர்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் ஓர் எலி இருந்தாலும் கதை முடிந்தது.

ஹங்க்ரி என்ற சொல்லைப் பார்த்ததும் பையில் இருக்கும் உணவுப் பொட்டலத்தைப் பிரிப்பதுதான் முதல் தவறு. பொட்டலத்தின் மதிப்பு 800. அதை வைத்திருங்கள். கிடைத்த பிணத்தைத் தின்றுகொண்டே நடங்கள். எதுவும் கிடைக்காமல் வீக் என்று வந்தால், # அடித்து ப்ரே என்று எழுதி (பி, ஆர், ஏ, ஒய்) பிரார்த்தியுங்கள். வயிறு மறுபடி 900 ஆகிவிடும். ஹங்க்ரி நிலையில் செய்யாதீர்கள். அதைத் தெய்வம் பெரிய துன்பமாக எடுத்துக்கொள்வதில்லை.

இது எப்படி வேலை செய்கிறது? பிரார்த்தனைக்கு ஒரு காத்திருப்புக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். தொடக்கத்தில் 300; டர்னுக்கு ஒன்று குறையும். பெரிய துன்பத்தில் இருக்கும்போது அது 200 அல்லது அதற்குக் கீழே இருந்தால் தெய்வம் கேட்கும். ஒரு முறை பலித்ததும் புதிய எண் ஒன்று குலுக்கலில் விழும், அது உங்களுக்குத் தெரியாது. நடைமுறை விதி: முதல் 300 டர்னில் வேண்டாம், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 1000 டர்ன் விடுங்கள். பிரார்த்தித்த டர்ன் எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். டைம் அமைப்பு எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.

பசி மட்டும் துன்பம் ஆகாது. உயிர்ப்புள்ளி 5 அல்லது அதற்குக் கீழே, அல்லது முழு அளவில் ஏழில் ஒரு பங்குக்குக் கீழே போனாலும் அதே பிரார்த்தனை காப்பாற்றும். ஆக, ஆயிரம் டர்னுக்கு ஒரு முறை மரணத்தையோ பட்டினியையோ தள்ளிப்போடலாம். தொடக்க வயிறு, ஒரு பிரார்த்தனை, ஒரு பொட்டலம் மூன்றையும் கூட்டினால், ஒரு பிணம்கூடத் தின்னாமலே சுமார் 2500 டர்ன் ஓடும்.

பலிக்காமல் போவது எப்போது? வளர்ப்பு நாய் அல்லது பூனையைக் கொன்றாலோ, சமாதானமாக இருப்பவரைக் கொன்றாலோ அதிர்ஷ்டம் 5 குறையும். அதிர்ஷ்டம் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும்வரை எந்தப் பிரார்த்தனையும் பலிக்காது. 600 டர்னுக்கு ஒரு புள்ளிதான் திரும்பும். 3000 டர்ன் தெய்வம் இல்லாமல் ஓட்ட வேண்டும். குள்ளராக ஆடும்போது சுரங்கத்தில் "நிஜமாகவே தாக்கவா?" என்ற கேள்வி அடிக்கடி வரும். யோசிக்காமல் எஸ்கேப் அடியுங்கள்.

இனி பிணங்கள். கொன்று 30 டர்னுக்குள் தின்றால் பயமில்லை. 50-ஐத் தாண்டியதைத் தொடாதீர்கள். உணவு விஷம் நேராகக் கொல்லும். உங்கள் நாய் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கொன்றது எப்போது செத்தது என்று உங்களுக்குத் தெரியாது, ஆகவே வேண்டாம். ஸோம்பியின் பிணம் விழும்போதே பழையது. கோபோல்ட் என்ற குட்டி அரக்க வகைகள் விஷம். வௌவால் தின்றால் தலை சுற்றும். நாய், பூனை தின்றால் அதன் பிறகு எல்லா எதிரிகளும் விழித்துக்கொண்டு உங்களைத் தேடி வரும். நீங்கள் குள்ளர், எனவே குள்ளர் பிணம் கூடாது. லைக்கன் (கற்பாசி) பிணம் கெடவே கெடாது. கேபிடல் எஃப் வடிவில் வரும் அதைக் கொன்றால் பையில் போட்டு வையுங்கள்.

படி 6: அடிக்கும் முன் பார்ப்பது

; அடித்து, சந்தேகமான எழுத்தின் மேல் கர்சரைக் கொண்டுபோய்ப் புள்ளி வையுங்கள். அது என்னவென்று சொல்லும். இதற்கு ஒரு டர்ன்கூடச் செலவாகாது.

நீல நிற ஸ்மால் ஈ, மிதக்கும் கண். அது உங்களைத் தாக்கவே தாக்காது. நீங்கள் வாளால் தொட்டால் 127 டர்ன் வரை உறைந்து நிற்பீர்கள், அதற்குள் வேறு ஏதாவது வந்து தின்றுவிடும். தூரத்தில் நின்று ஸ்மால் டி (டைகரின் டி) அடித்துக் குறுவாளை எறிந்து கொல்லுங்கள். பிணத்தைத் தின்றால் தொலைவில் இருப்பவற்றை மனத்தால் உணரும் சக்தி கிடைக்கும். சாம்பல் நிற ஸ்மால் ஈ, வாயு உருண்டை. கொன்றால் வெடித்து 4 முதல் 24 புள்ளி வரை பறிக்கும். புதிய பாத்திரம் அதிலேயே சாகலாம். ஒரே எழுத்து, நிறம்தான் வேறு. மஞ்சள் நிற ஸ்மால் சி, காக்கட்ரைஸ். வெறுங்கையால் தொட்டாலும், பிணத்தைக் கடித்தாலும் கல்லாகிவிடுவீர்கள்.

படி 7: தரையில் எழுதும் காவல்

கேபிடல் ஈ அடித்து, விரலால் எழுத - அடித்து, எல்பெரெத் என்று எழுதுங்கள். எழுத்துகள்: ஈ, எல், பாம்பேயின் பி, ஈ, ஆர், ஈ, டி, ஹெச். அந்தக் கட்டத்தில் நிற்கும்வரை பெரும்பாலான மிருகங்கள் கிட்ட வந்து அடிக்க அஞ்சும். @ வடிவில் வரும் மனிதர்களும் மினோட்டார் என்ற காளைத்தலை அரக்கனும் அஞ்சமாட்டார்கள்.

விரலால் எழுதும்போது எழுத்து பிசகலாம். எழுதியதும் : அடித்துப் படித்துப் பாருங்கள்.

(பின்னர் சேர்த்தது: "மூன்று முறை எழுதியும் அடி விழுகிறது" என்றால், நீங்கள் படித்தது பழைய 3.4.3 பதிப்புக்கான குறிப்பு. அதில் அடுத்தடுத்து எழுதினால் வலு கூடும். 3.6-ல் அந்தக் கட்டத்தில் அந்த ஒரு சொல் மட்டுமே இருக்க வேண்டும். கூட ஓர் எழுத்து இருந்தாலும் செல்லாது. ஏற்கெனவே உள்ளதோடு சேர்க்கவா என்று கேட்டால் மறுத்து, அழித்துவிட்டு எழுதுங்கள். மேலும் 3.6-ல் அதன் மேல் நின்று நீங்கள் தாக்கினால் எழுத்து அழிந்துவிடும். அங்கே நின்று காயம் ஆறலாம், சண்டை போட முடியாது.)

படி 8: எவ்வளவு ஆழம்

வரும் மிருகத்தின் வலிமைக்கு உச்சவரம்பு, நீங்கள் இருக்கும் தளத்தையும் உங்கள் அனுபவ நிலையையும் கூட்டி இரண்டால் வகுத்த எண். ஆகவே பலவீனமான பாத்திரத்தோடு வேகமாக இறங்கினால் உங்களுக்கு மிஞ்சியவையே வரும். 2 முதல் 4 வரையான தளங்களில் ஒன்றில், கீழே போகும் இரண்டாவது படிக்கட்டு இருக்கும். அது நோம்களின் சுரங்கம். குள்ளர் வால்கைரி அதில் இறங்கி, 5 முதல் 8-க்குள் வரும் ஊர் வரை போய், கோயிலையும் கடைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். கடைக்குள் பிக்-ஆக்ஸ் எனும் தோண்டும் கருவியோடு விடமாட்டார்கள். கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள்.

இவ்வளவு செய்தால் 2000 டர்ன் வந்துவிடும். அப்போது முடிவு செய்யுங்கள். கணினிக்கே இது இன்னும் எளிதாகவில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள். 2020-ல் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்காக நெட்ஹேக்கை ஒரு பயிற்சிக்களமாக வெளியிட்டார்கள். 2021-ல் நியூரிப்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவு மாநாட்டையொட்டிப் போட்டியும் நடந்தது. மனிதர் கையால் விதி எழுதிய நிரல்கள் நரம்புவலைகளை முந்தின. அந்தப் போட்டியில் ஆட்டத்தை முடித்தது எதுவும் இல்லை.

காடு, பனி, வலை, பொறி என்று உண்மையான பிழைப்பு வேண்டுமென்றால், ஃபின்லாந்தின் சாமி மாரனென் 1992-ல் வெளியிட்டு இன்றும் வளர்த்துவரும் அன்ரியல் வேர்ல்டை அடுத்து எடுங்கள். அது இன்னும் மெதுவான ஆட்டம், இன்னும் அதிகப் பொறுமை கேட்கும்.

செத்ததும் உடைமைகளை அடையாளம் காட்டவா என்று கேட்கும். எரிச்சலில் மறுத்துவிடாதீர்கள், ஒய் அடியுங்கள். பெயர் தெரியாமல் பையில் கிடந்த மருந்து, கோல், சுருள் எல்லாம் என்னவென்று அப்போது தெரியும். டர்ன் எண், தளம், கொன்றது எது, கடைசியாகப் பிரார்த்தித்த டர்ன், பையில் இருந்தும் பயன்படுத்தாத பொருள் ஆகிய ஐந்தையும் குறித்துக்கொண்டு அடுத்த ஆட்டத்தைத் தொடங்குங்கள்.