பாலியஸ்டர் துணிக்கு வீட்டிலேயே சாயம் போடுவது எப்படி?

பருத்திக்கான சாயப் பொட்டலத்தை வாங்கி, அதில் ஒரு பாலியஸ்டர் துப்பட்டாவை ஊறப் போட்டால், அலசும்போது அத்தனை சாயமும் தண்ணீரோடு போய்விடும். துணி ஏறக்குறைய பழைய நிறத்திலேயே இருக்கும். பாலியஸ்டர் இழை தண்ணீரை உள்ளே விடாது. அதனால் தண்ணீரில் கரைந்த சாயமும் அதற்குள் போவதில்லை.

பாலியஸ்டருக்கு ஏற்றது டிஸ்பர்ஸ் சாயம். 1920களில் அசிடேட் துணிக்காக உருவானது, பிறகு வந்த பாலியஸ்டருக்கும் அதுவே பொருந்தியது. இது தண்ணீரில் சரியாகக் கரையாது, நுண்ணிய துகளாக மிதக்கும். நல்ல சூட்டில் இழை இளகும்போது உள்ளே புகுந்துகொள்ளும். ஆறியதும் இழை இறுகிச் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆலைகளில் அழுத்தக் கலனில் 130 டிகிரி வரை சூடேற்றியே பாலியஸ்டருக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். நம் அடுப்பில் அது முடியாது. ஆனால் கொதிநிலையை ஒட்டிய சூட்டை விடாமல் பிடித்து நின்றால், வீட்டிலேயே நல்ல நிறம் கிடைக்கும்.

முதலில் லேபிள்

உள்பக்கத் தையலில் இருக்கும் லேபிளைப் படியுங்கள். பாலியஸ்டர், நைலான், அக்ரிலிக் என்றால் இந்த முறை. விஸ்கோஸ், ரேயான் என்றால் அது மரக்கூழிலிருந்து வந்த இழை, பருத்திச் சாயமே போதும். பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த துணியில் பாலியஸ்டர் பங்கு மட்டும் நிறம் பிடிக்கும், ஆகவே நிறம் கொஞ்சம் வெளிறித்தான் வரும். ஸ்பான்டெக்ஸ் அதிகம் உள்ள இறுக்கமான உடைகளை விட்டுவிடுங்கள், இவ்வளவு சூட்டில் அதன் இழுவை போய்விடும்.

சிங்கப்பூரின் தேக்கா கடைகளில் வாங்கும் துப்பட்டா, மீட்டர் துணி பலவற்றில் லேபிளே இருக்காது. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, கழுவுதொட்டிக்கு மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பாலியஸ்டர் சுருங்கி உருகும், ஆறியபின் நுனியில் கறுப்பாகக் கடினமான ஒரு மணி நிற்கும். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை, விரலில் உதிரும் சாம்பல்.

இன்னொன்று: சாயம் இருக்கும் நிறத்தின் மேல்தான் ஏறும், அதை அழிக்காது. மஞ்சளின் மேல் நீலம் போட்டால் பச்சைதான். வெள்ளை, சந்தனம், வெளிர் சாம்பல் துணிகள் முதல் முயற்சிக்கு நல்லவை. ஜரிகை போட்ட சேலையை முதலில் தொட வேண்டாம்.

வேண்டியவை

டிஸ்பர்ஸ் சாயத்துக்குக் கடையில் ரிட் டைமோர் அல்லது ஐடை பாலி என்ற பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ரிட் நிறுவனத்தின் சாதாரண பாட்டிலும் ஏறக்குறைய இதே தோற்றத்தில் இருக்கும், அது பாலியஸ்டருக்கு ஆகாது. ‘டைமோர்’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். டைமோரின் 207 மில்லி பாட்டில் ஒன்று சுமார் 900 கிராம் உலர்ந்த துணிக்குப் போதும், தண்ணீர் 11 லிட்டர். 200 கிராம் துப்பட்டாவுக்குக் கால் பாட்டிலும் நான்கு லிட்டர் தண்ணீரும் சரியாக இருக்கும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர் நிறங்களுக்குச் சாயத்தை இரட்டிப்பாக்குங்கள்.

பெரிய எவர்சில்வர் பாத்திரம் ஒன்று, நீளக் கரண்டி, இடுக்கி, ரப்பர் கையுறை. இந்தப் பாத்திரத்தில் இனி சமைக்கவே கூடாது. அதனால் பழையது ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

சாயம் ஏற்றுதல்

துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்து, ஈரமாகவே வைத்துக்கொள்ளுங்கள். சமையலறை ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். தண்ணீரைக் கொதி வரும் நிலைக்குக் கொண்டு வந்து, பாட்டிலை நன்றாகக் குலுக்கிச் சாயத்தை ஊற்றி, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு தேக்கரண்டி சேருங்கள். சோப்பு இருந்தால் நிறம் திட்டுத்திட்டாகப் பிடிக்காது. ஒரு துண்டு பாலியஸ்டர் துணியைச் சில நிமிடம் முக்கிப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் உடையை இறக்குங்கள்.

இனி அடுப்பை விட்டு நகரக் கூடாது. சூடு 82 டிகிரிக்குக் கீழே இறங்கவே கூடாது, பாலியஸ்டருக்கு அதைவிட மேலே இருந்தால் இன்னும் நல்லது. வெப்பமானி இல்லையென்றால் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். சிறுசிறு குமிழ்கள் ஓயாமல் எழுந்து, மேற்பரப்பு லேசாக அசைந்தபடி இருந்தால் சரியான பதம். முதல் பத்து நிமிடம் கை ஓயாமல் கிளற வேண்டும், திட்டு விழுவது பெரும்பாலும் அப்போதுதான். மடிப்புகளைக் கரண்டியால் பிரித்து, அடியில் கிடப்பதை மேலே கொண்டு வாருங்கள். அரை மணி நேரம் குறைந்தபட்சம், அடர் நிறத்துக்கு ஒரு மணி நேரம். நைலான் இதைவிடச் சீக்கிரம் பிடிக்கும், அடிக்கடி தூக்கிப் பாருங்கள். ஈரத்தில் நிறம் கூடுதலாகத் தெரியும், காய்ந்தால் ஒரு படி குறையும். அதையும் கணக்கில் வையுங்கள்.

துணிகளை வெளியே எடுத்ததும் பச்சைத் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள். சூட்டில் இளகிய பாலியஸ்டர் சட்டென்று குளிர்ந்தால், அப்போது இருக்கும் சுருக்கம் அப்படியே நிரந்தரமாகிவிடும். முதலில் வெந்நீர், அப்புறம் வெதுவெதுப்பான நீர், கடைசியில் குளிர்ந்த நீர். முறுக்கிப் பிழியவும் வேண்டாம்.

தையல் நூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூவேலை பருத்தி நூலில் இருந்தால் அது பழைய நிறத்திலேயே நிற்கும். சில உடைகளில் அது அழகாகவே அமையும்.

மீந்த சாயத் தண்ணீரை ஆறவிட்டு, கழுவுதொட்டியில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டே ஊற்றுங்கள். வெளியே மழைநீர் வடிகாலில் ஊற்றக் கூடாது. சிங்கப்பூரில் அந்த நீர் நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது, கழிவுநீருக்குத் தனிப் பாதை உண்டு.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயப்போடுபவர்கள், சொட்டு நிற்கும் வரை துணியைக் குளியலறையிலேயே தொங்கவிடுங்கள். கீழ்வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டையில் நம் சாயம் விழக் கூடாது. முதல் இரண்டு மூன்று துவையலுக்கு அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள். இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து, மேலே ஒரு பழைய வெள்ளைத் துணியைப் போட்டுத் தேயுங்கள். அதிகச் சூட்டில் டிஸ்பர்ஸ் சாயம் ஆவியாகிப் பக்கத்துத் துணிக்கு ஏறிவிடும்.