லேபிள் போட்ட படத்தை மொழிபெயர்க்க வசதியா வரையறது எப்படி?

கோயம்புத்தூர்ல செய்ற மோட்டார் பம்ப் பல ஸ்டேட்டுக்குப் போகுது, கூடவே போற மேனுவலும் தமிழ், இந்தி, தெலுங்குன்னு மாறணும். பத்தியில இருக்கிற எழுத்தை மாத்துறது ஈஸி, படத்துக்குள்ள ஜேபெக்கா ஒட்டிக்கிட்டு இருக்கிற நாலு வார்த்தைதான் உயிரை வாங்கும். அதனால பம்ப் படத்தையே வச்சுப் பாப்போம். படம் வரையறதுக்கு இங்க்ஸ்கேப்னு ஒரு சாஃப்ட்வேர் போதும், இலவசம்தான்.

1. நம்பரா பேரான்னு முதல்லயே முடிவு பண்ணுங்க. இம்பெல்லர், கேசிங், ஷாஃப்ட், பேரிங், சீல்னு பார்ட் நிறைய இருந்தா படத்துல 1, 2, 3 மட்டும் போட்டுட்டு பேரெல்லாம் கீழ டேபிள்ல போடுங்க, படத்தைத் தொடவே வேண்டாம், எத்தனை மொழி வந்தாலும் டேபிள் மட்டும் மாறும். நம்பர் கடிகாரம் சுத்துற பக்கமா வரிசையா போகட்டும், 3க்குப் பக்கத்துல 11 இருந்தா தேடுறவனுக்குக் கடுப்பாகும். சக்‌ஷன், டெலிவரின்னு (தண்ணி உள்ள வர்ற வழி, வெளிய போற வழி) ரெண்டே ரெண்டுன்னா பேரையே எழுதிடலாம்.

2. பேர் எழுதினா இடம் விடுங்க. இங்கதான் நிறைய பேர் கவனிக்கிறதில்ல. படத்துக்கு வலது பக்கம் இருக்கிற லேபிளை இடது அலைன்மென்ட்ல வைங்க, இடது பக்கம் இருக்கிறதை வலது அலைன்மென்ட்ல வைங்க, அப்பதான் தமிழ்ல வார்த்தை நீளமானாலும் வெளிப்பக்கமா வளரும், லேபிளையும் பார்ட்டையும் சேர்க்கிற கோடு மேலயோ பம்ப் மேலயோ ஏறாது. லேபிளைச் சுத்தி டைட்டா பெட்டி கட்டாதீங்க ப்ளீஸ்.

3. ஒரு லேபிள்னா ஒரே டெக்ஸ்ட். "டெலிவரி" தனியா "பைப்" தனியா டைப் பண்ணி பக்கத்துல பக்கத்துல வச்சா பாக்க ஒண்ணாத்தான் தெரியும், ஆனா மொழிபெயர்க்கிறவருக்கு ரெண்டு துண்டா வரும், இந்தியில முன்பின்னா மாத்த வேண்டியிருந்தா அவர் என்ன செய்வார்?

4. ஃபான்ட் பிரச்சனைக்குப் பயந்து எழுத்தை 'பாத்' (path) ஆக்கிடாதீங்க (கன்ட்ரோல் ஷிஃப்ட் சி அமுக்கினா ஆகுமே, அது). அப்புறம் அது எழுத்தே இல்ல, வெறும் கோடு. பிரின்டர் கேட்டா அவருக்குத் தனி காப்பி குடுங்க, ஒரிஜினல் அப்படியே இருக்கட்டும். தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி யூனிகோட் ஃபான்ட் போடுங்க. பாமினி மாதிரி யூனிகோட் இல்லாத பழைய ஃபான்ட்ல அடிச்சா திரையில தமிழ், ஃபைலுக்குள்ள வெறும் இங்கிலீஷ் எழுத்துக் குப்பை.

5. எஸ்விஜியா (எழுத்து எழுத்தாவே இருக்கிற பட ஃபைல்) சேவ் பண்ணி நோட்பேட்ல திறந்து, படத்துல எழுதின "டெலிவரி பைப்" மாதிரி ஒரு பேரைத் தேடுங்க. கிடைச்சா சரி. கிடைக்கலன்னா எங்கயோ எழுத்து 'பாத்' ஆகியிருக்கு, இல்ல வார்த்தை துண்டா உடைஞ்சிருக்கு. அப்புறம் எல்லா லேபிள்லயும் ஒண்ணரை மடங்கு நீளமா எதையாவது அடிச்சுப் பாருங்க, எது எது மேல இடிக்குதுன்னு அப்பவே தெரிஞ்சிடும். பொதுவுல விடக்கூடிய படம்னா விக்கிமீடியா காமன்ஸ்ங்கிற பொதுப் படத் தளத்துல ஏத்துங்க, அங்க எஸ்விஜி டிரான்ஸ்லேட்னு ஒரு டூல் இருக்கு, வரையத் தெரியாதவங்ககூட லேபிளை மட்டும் தமிழ்ல மாத்திட்டுப் போயிடலாம்.