பத்தாம் நம்பர் சாக்கெட் எங்கே? பொது ஷெட்டில் சாக்கெட்டுகளை அடுக்கும் முறை

எங்கள் வண்டி ரிப்பேர் ஷெட்டில் மூன்று பேருக்கு ஒரே சாக்கெட் பெட்டி. சாக்கெட் என்பது போல்ட் தலையில் மாட்டித் திருகும் குழாய் போன்ற ஸ்பேனர். "டேய், பத்து எங்கடா?" என்ற சத்தம் தினமும் கேட்கும். 6 மில்லி (மில்லிமீட்டர்) போல்ட்டின் தலை பெரும்பாலும் 10 மில்லி. எல்லா வண்டியிலும் அது இருப்பதால் முதலில் காணாமல் போவதும் அதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினோம். புதிதாக வேலை பழகுகிறவரும் இதைச் செய்யலாம்.

முதலில் எல்லா சாக்கெட்டையும் டீசலில் ஊறப்போட்டு, பழைய டூத்பிரஷால் தேயுங்கள். சோப்புத் தண்ணீரில் அலசி, துடைத்து, வெயிலில் காய வையுங்கள். பாதி எண்கள் இங்கேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம் பிரிப்பது. ராட்செட் (சாக்கெட்டைத் திருகும் கைப்பிடி) மாட்டும் சதுர ஓட்டைதான் டிரைவ். கால் இஞ்ச், மூணு நூல் (3/8 இஞ்ச்), அரை இஞ்ச் என்று அதை வைத்துக் குவியல் போடுங்கள். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்: அரை இஞ்ச் டிரைவ் வேறு, அரை இஞ்ச் போல்ட் தலைக்கான சாக்கெட் வேறு. முன்னது ராட்செட் பக்கம், பின்னது போல்ட் பக்கம்.

ஒவ்வொரு குவியலையும் மில்லி, இஞ்ச் என்று இரண்டாக்குங்கள். பழைய ஜீப், பழைய மாசி பெர்குசன் டிராக்டர் ஷெட்டுக்கு வந்தால் இஞ்ச் செட் வேண்டியிருக்கும். முக்கால் இஞ்ச் என்பது 19.05 மில்லி, 19-ஐப் போட்டாலும் பெரும்பாலும் வேலை நடக்கும். அரை இஞ்ச் அப்படியில்லை, அது 12.7. அதில் 13 சாக்கெட் சுலபமாக உட்காரும், ஆனால் இறுகிய போல்ட்டில் பலம் கொடுத்தால் தலையின் முனைகள் மழுங்கிவிடும். நான் ஒரு முறை அப்படி மழுக்கி, உளி வைத்துத் தட்டிக் கழற்றினேன். இந்த இரண்டையும் கலக்கவே கூடாது என்று சொல்வது அதனால்தான்.

எண் அழிந்துபோன சாக்கெட்டை வெர்னியரால் (துல்லியமாக அளக்கும் கருவி) உள்ளே எதிரெதிர்ப் பட்டைகளுக்கு நடுவில் அளந்து பாருங்கள். அளவு சற்றுக் கூடுதலாகத்தான் காட்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் என்றால், அளவு தெரிந்த போல்ட் தலையில் மாட்டிப் பார்ப்பதே மேல்.

இனி எண்ணைத் தெரியவைப்பது. தின்னரால் துடைத்துவிட்டு, பொறித்த எண்ணின் மேல் வெள்ளை நெயில் பாலிஷைத் தாராளமாகத் தடவுங்கள். லேசாக உலர்ந்ததும் தின்னர் தொட்ட துணியைத் தட்டையாக இழுத்து மேற்பரப்பை மட்டும் துடைத்தால், பள்ளத்தில் வெள்ளை நிற்கும். கறுப்பு இம்பேக்ட் சாக்கெட்டில் இது பளிச்சென்று தெரியும். இம்பேக்ட் கன்னுக்கு (அதிர்வடி கொடுத்து போல்ட்டைத் திருகும் மெஷின்) அவை மட்டும்தான். குரோம் சாக்கெட் அதில் உடைந்து தெறிக்கலாம். ஆகவே இம்பேக்ட் சாக்கெட்டுகளுக்குத் தனி இடம்.

கூடவே வெளிப்புறம் ஒரு எனாமல் வளையம்: மில்லிக்கு நீலம், இஞ்சுக்கு மஞ்சள். சிவப்பும் பச்சையும் வேண்டாம், சிலருக்கு வித்தியாசம் தெரியாது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்த பிறகு பூசுங்கள். சதுர ஓட்டையிலும் வாய்ப்பக்கமும் பெயிண்ட் இறங்கக் கூடாது. இன்சுலேஷன் டேப்பை நாங்களும் சுற்றிப் பார்த்தோம். எண்ணெய் பட்டு ஒரே வாரத்தில் உரிந்துவிட்டது.

கடைசியாகப் பலகை. அரை இஞ்ச் டிரைவுக்கு 12 மில்லி உருளைக் குச்சி, மூணு நூலுக்கு 9, கால் இஞ்சுக்கு 6. ஓட்டை போட்டு ஃபெவிகால் வைத்து நட்டால் சாக்கெட்டின் சதுரம் அதில் நிற்கும். சிறியதிலிருந்து பெரியதாக, ஒவ்வொன்றுக்கும் நடுவில் விரல் நுழைய இடம் விட்டு வையுங்கள். குச்சிக்கு முன்னால் பெரிதாக எண் எழுதுங்கள். குச்சியின் அடியில், சாக்கெட் மறைக்கும் அளவுக்குச் சின்னதாக ஒரு சிவப்பு வட்டம் பூசுங்கள். சாக்கெட்டை எடுத்தால் சிவப்பு தெரியும்.

பொது ஷெட்டில் இன்னொன்றும் தேவை. ஆளுக்குப் பத்து 12 மில்லி வாஷர், அதில் பெயரின் முதல் எழுத்து. சாக்கெட்டை எடுக்கிறவர் தன் வாஷரைக் குச்சியில் போட வேண்டும். வாஷரும் இல்லாமல் சிவப்பு பல்லிளித்தால், தேடிவிட்டுத்தான் ஷெட்டைப் பூட்டுவது.

பத்துக்கு மட்டும் பக்கத்திலேயே இரண்டு குச்சி நட்டிருக்கிறோம். இதை எழுதும்போது ஒன்று காலி. அதில் கிடப்பது என் வாஷர்.