மஸ்கட்டில் இரண்டு நாள்: சனி, ஞாயிறை வீணாக்காமல் சுற்றுவது எப்படி?

மஸ்கட்டுக்கு இரண்டு நாள் போதுமா? போதும். ஆனால் இங்கே எந்த இடத்துக்குப் போகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்குப் போகிறோம் என்பதுதான் முக்கியம். பெரிய மசூதியில் காலை 11 மணியோடு பார்வையாளர் நேரம் முடிந்துவிடும். சந்தைக் கடைகளை மதியம் சாத்திவிட்டு மாலையில்தான் திறப்பார்கள். விடுமுறைதானே என்று ஒன்பது மணிவரை தூங்கினால் ஒரு நாளில் பாதி போய்விடும்.

1. கிளம்பும் நாள்

ஓமானில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை மசூதிக்குள் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை, சந்தையும் பெரும்பாலும் மாலையில்தான் களைகட்டும். அதனால் வெள்ளி இரவு போய்ச் சேர்ந்து, சனி, ஞாயிறு இரண்டு நாளும் சுற்றிவிட்டு ஞாயிறு இரவு திரும்புவது நல்லது. சென்னையிலிருந்து நேரடி விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம், துபாயிலிருந்து ஒரு மணி நேரம். நவம்பர் முதல் மார்ச் வரை போங்கள். கோடையில் வெயில் சாதாரணமாக 40 டிகிரியைத் தாண்டும். ரமலான் மாதத்தில் எல்லா நேரமும் மாறிவிடும், பகலில் பொது இடத்தில் சாப்பிடவும் கூடாது. முதல் பயணத்துக்கு அந்த மாதம் வேண்டாம்.

விசா விதிகள் அடிக்கடி மாறும். ராயல் ஓமான் போலீஸின் இணையதளத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

2. பணமும் வண்டியும்

ஒரு ரியாலுக்கு 1000 பைசா. நம் கணக்கில் ஒரு ரியால் 200 ரூபாய்க்கு மேல். கடைக்காரர் “ரெண்டே ரியால்” என்று சொல்லும்போது காதுக்குச் சின்னத் தொகையாகத்தான் இருக்கும். மனதுக்குள் ஒரு தடவை பெருக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள்.

மஸ்கட் கடலோரமாக நீண்டு கிடக்கும் ஊர். மேற்கே விமான நிலையம், நடுவில் பெரிய மசூதி, கிழக்கே சந்தை இருக்கும் முத்ரா, அதையும் தாண்டினால் பழைய மஸ்கட். விமான நிலையத்திலிருந்து முத்ரா சுமார் 35 கிலோமீட்டர். குறுக்கும் நெடுக்குமாக அலைந்தால் டாக்சிக் காசுக்குக் கட்டுப்படியாகாது. முவாசலாத் என்ற அரசுப் பேருந்து மலிவுதான், ஆனால் காத்திருக்கும் நேரத்தை இரண்டு நாள் பயணம் தாங்காது. ஓடாக்சி (OTaxi) என்ற டாக்சி செயலியைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள், பேரம் பேசும் வேலை மிச்சம். அறையை முத்ராவிலோ பக்கத்திலிருக்கும் ரூவியிலோ எடுங்கள். ரூவியில் இட்லி, தோசைக்கும் பஞ்சமில்லை.

3. சனி காலை: பெரிய மசூதி

சுல்தான் காபூஸ் பெரிய மசூதி 2001இல் திறக்கப்பட்டது. காலை 8 மணிக்கு வாசலில் இருங்கள். ஒன்பதரைக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வரத் தொடங்கினால் படம் எடுக்க இடம் கிடைக்காது.

உடை விஷயத்தில் கறார். பெண்களுக்குத் தலைமுடி முழுதாக மறையும் துணி, மணிக்கட்டு வரை கை, கணுக்கால் வரை உடை. ஆண்களுக்கு முழு பேன்ட். உடல் தெரியும் மெல்லிய துணி என்றால் திருப்பி அனுப்புவார்கள். வாசலில் அபாயா என்ற நீள அங்கி வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் நம் சுடிதாரும் பெரிய துப்பட்டாவும் இருந்தால் அந்தச் செலவே வேண்டாம்.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஆண்கள் தொழும் கூடத்துக்குள் போனால், நீல விரிப்பு ஒன்று பாதை மாதிரி போட்டிருக்கும். அதன்மேல் மட்டும்தான் நடக்க வேண்டும். அதன் கீழே இருப்பது ஒரே துண்டாக விரிந்த 21 டன் எடையுள்ள கம்பளம். ஈரானியப் பெண்கள் 600 பேர் நான்கு ஆண்டுகள் நெய்தது. விரிப்பின் ஓரத்தில் குனிந்து அதன் முடிச்சுகளைக் கொஞ்ச நேரம் பாருங்கள். எல்லாரும் அண்ணாந்து 14 மீட்டர் உயரச் சரவிளக்கைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் கம்பளம்தான் பெரிய வேலை.

4. மதியம்

அறைக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குங்கள். ஊரே அதைத்தான் செய்கிறது.

5. சனி மாலை: முத்ரா சந்தை

ஐந்து மணி வாக்கில் முத்ரா கடற்கரைச் சாலைக்கு வந்துவிடுங்கள். வளைந்து போகும் அந்தச் சாலையில் கொஞ்சம் நடந்துவிட்டு, வெளிச்சம் குறையும்போது சந்தைக்குள் நுழையலாம். முன்வரிசைக் கடைகளில் எதுவும் வாங்காதீர்கள். உள்ளே போகப் போக விலை இறங்கும். ஆங்கிலம், இந்தி இரண்டும் செல்லும். மலையாளிகள் நிறைய என்பதால் தமிழும் ஓரளவு ஓடும்.

இங்கே வாங்க வேண்டியது லுபான், அதாவது குந்திரிக்கம். தெற்கே தோஃபார் பகுதி மரங்களிலிருந்து வடியும் பிசின். ஹோஜரி என்ற ரகம்தான் உசத்தி. ஒரு கட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். லேசான பச்சையோடு கண்ணாடி மாதிரி இருந்தால் நல்ல சரக்கு, பழுப்பாகத் தூசும் பட்டையும் ஒட்டியிருந்தால் மட்டம். கடைக்காரரிடம் ஒரு துண்டைக் கரித்தணலில் போடச் சொல்லுங்கள், சந்தோஷமாகப் போட்டுக் காட்டுவார்கள். விலையைப் பாதியாகக் கேட்டு முறைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மூன்று பொருளாகச் சேர்த்து எடுத்து “மொத்தமா எவ்வளவு?” என்றால் தானாகக் குறையும்.

அப்புறம் அல்வா. நம்மூர் மஸ்கோத் அல்வாவை நினைத்துக்கொண்டு வாயில் வைக்காதீர்கள். இதில் தேங்காய்ப்பால் கிடையாது. நெய், குங்குமப்பூ, பன்னீர், ஏலக்காய் எல்லாம் சேர்ந்து கரண்டியில் எடுத்துச் சாப்பிடும் பதத்தில் இருக்கும். கூடவே சர்க்கரை போடாத கஹ்வா காப்பி குடித்தால்தான் அந்த இனிப்பு சமப்படும். இரவுச் சாப்பாட்டுக்கு முஷ்காக் என்கிற, கம்பியில் குத்திச் சுட்ட கறி போதும்.

6. ஞாயிறு

விடிந்ததும் முத்ரா மீன் சந்தை. புதிய கட்டடம் 2017இல் வந்தது. வஞ்சிரமும் சூரையும் முழு மீனாக வரிசையில் கிடக்கும். வாங்காவிட்டாலும் பார்க்கலாம், ஆட்களைப் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து பழைய மஸ்கட். நீலமும் தங்க நிறமுமாக அல் ஆலம் அரண்மனை, வெளியிலிருந்துதான் பார்க்கலாம். இரு பக்கமும் போர்ச்சுகீசியர் 1580களில் கட்டிய ஜலாலி, மிரானி கோட்டைகள். எதிரே 2016இல் திறந்த தேசிய அருங்காட்சியகம், வெயில் ஏறும் நேரத்துக்குச் சரியான இடம். அரண்மனைக்குப் பக்கத்திலேயே பழைய சிவன் கோயில் ஒன்றும் இருக்கிறது.

நீச்சல் தெரிந்தவர்கள் ஞாயிறு முழுவதையும் வாதி ஷாப் பள்ளத்தாக்குக்குக் கொடுக்கலாம். ஒரு வழி 140 கிலோமீட்டர், சின்னப் படகில் தண்ணீரைத் தாண்டி, பாறைகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் நடை, அப்புறம் நீந்தினால்தான் குகை அருவி. மழை அறிவிப்பு இருந்தால் வேண்டவே வேண்டாம், அங்கே வெள்ளம் சொல்லாமல் வரும். நீச்சல் தெரியாதவர்கள் பழைய மஸ்கட்டோடு நின்றுகொள்ளலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

திரும்பும்போது அல்வா டப்பாவைக் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போடுங்கள். லுபானை இரண்டு பிளாஸ்டிக் உறையில் கட்டுங்கள், இல்லையென்றால் பெட்டியிலுள்ள துணியெல்லாம் அதே வாசனை அடிக்கும்.