பிள்ளையின் முன்தோலை இழுக்காதீர்கள்

காரைக்குடிப் பக்கம் ஆண் பிள்ளை பிறந்த வீட்டில், துண்டு மாற்றுவது, கழுவிவிடுவது பற்றியெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆள் நிறைய உண்டு. அதை விட்டுவிடுகிறேன். குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருந்து பார்த்த தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

தோலை இழுத்துத் தள்ளுவது

எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது, "இப்பவே தள்ளிவிட்டாத்தான் நாளைக்கு ஒன்னுக்குப் போக அடைக்காது" என்பார் அப்பத்தா. புதுத் தாயும் தினம் கொஞ்சமாகத் தள்ளிப் பார்ப்பாள்.

பிறக்கும்போது முன்தோலின் உட்புறம் மொட்டோடு, அதாவது ஆணுறுப்பின் நுனியோடு, ஒட்டித்தான் இருக்கும். 1949இல் டக்ளஸ் கெய்ர்ட்னர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் எழுதியதில், பிறந்த பிள்ளைகளில் தோல் முழுதாகப் பின்னுக்குப் போனது 100க்கு 4 பேருக்குத்தான். மற்றவர்களுக்கு வளர வளரத் தானே பிரியும். சிலருக்குப் பத்து வயதுகூடத் தாண்டும். முந்திக்கொண்டு இழுத்தால் உள்ளே கிழியும், கிழிந்த இடம் தழும்பாகி இறுகும். எந்த அடைப்புக்குப் பயந்தார்களோ, அது அப்படித்தான் வந்து சேர்கிறது.

தேவகோட்டைப் பக்கமிருந்து ஒரு பிள்ளையைத் தூக்கி வந்தார்கள். தள்ளிய தோலை முன்னுக்குக் கொண்டுவர முடியாமல், அது மொட்டுக்குக் கீழே வளையமாக இறுகியிருந்தது. மொட்டு வீங்கிச் சிவந்து கிடந்தது. வீட்டில் தேங்காய் எண்ணெய் தடவி இரவெல்லாம் காத்திருந்தார்களாம்! ரத்த ஓட்டம் நின்றால் மொட்டே கெட்டுவிடும். இப்படி ஆனால் நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வீக்கத்தை அழுத்தி வடித்து, டாக்டர் தோலை இறக்கிவிட்டார். கத்தி வைக்காமல் தப்பியது.

அப்பத்தாவைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன். வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களிலேயே சிலர், "குளிக்கும்போது தள்ளிவிடுங்க" என்று சொல்லி அனுப்புகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. வெளியே தெரிவதைக் கழுவினால் போதும்.

மூத்திரம் போகும்போது தோல் பலூன்போல உப்பினால் பதறுவது

மூத்திரம் நன்றாகப் பீய்ச்சிப் போய், வலியோ காய்ச்சலோ இல்லையென்றால் பயமில்லை.

வெள்ளையாகத் தெரிவதைச் சுரண்டுவது

அது உதிர்ந்த தோல். சீழ் இல்லை. விடுங்கள்.

கடையில் களிம்பு வாங்குவது

வேண்டாம்.

அழுதால் நீர்க்கடுப்பு, சூடு என்பது

மூத்திரப் பை நிறைந்ததும் சிணுங்கி, போனதும் அடங்கும் பிள்ளைகள் உண்டு. அதற்காகச் சீரகத் தண்ணீர் புகட்டாதீர்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால்தான், சித்திரை வெயிலிலும். முதல் வாரம் கழிந்தபின் நாளுக்கு ஆறு முறையாவது துணி நனைந்தால் பால் போதுகிறது.

பார்க்க வேண்டியதை விடுவது

தோலைப் பார்க்கிறவர்கள் மூத்திரம் போகும் விதத்தைப் பார்ப்பதில்லை. பிறந்து 24 மணி நேரமாகியும் போகவில்லை, சொட்டுச் சொட்டாக முக்கிப் போகிறது, அடிவயிறு உப்பியிருக்கிறது என்றால் உடனே காட்டுங்கள். ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் மூத்திரக் குழாயில் பிறவியிலேயே வரும் ஓர் அடைப்பு உண்டு. கவனிக்காவிட்டால் சிறுநீரகம் கெடும். காரணம் புரியாத காய்ச்சல் வந்தால் மூத்திரப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

மூத்திரம் வரும் ஓட்டை நுனியில் இல்லாமல் கீழ்ப்பக்கம் இருந்தால், சுன்னத் செய்யும் வீடுகள் அதைத் தள்ளிப்போட்டு முதலில் குழந்தை அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஓட்டையைச் சரிசெய்ய அந்தத் தோல் தேவைப்படலாம்.