விண்டோஸ் 11-க்கு மாறும் முன், விண்டோஸ் 10-ஐ முழுசாகப் பத்திரப்படுத்துவது எப்படி?

விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த இலவச அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நின்றுவிட்டன. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். ஆனால் வங்கி வேலை, வரி வேலை நடக்கும் கம்ப்யூட்டரை என்றைக்கிருந்தாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். அக்கா ஜிஎஸ்டி கணக்கு பார்க்கும் லேப்டாப்பைச் சமீபத்தில் 11-க்கு மாற்றிக் கொடுத்தேன். டாலி கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கான (யுஎஸ்பியில் செருகும் சாதனம்) டிரைவர், ஒரு பழைய பிரின்டர் என்று அதில் எல்லாமே தினமும் தேவைப்படுபவை. மாற்றிய பிறகு டோக்கன் மட்டும் மக்கர் செய்தால்கூட, 20-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத ரிட்டர்னைத் தாக்கல் செய்யக் காத்திருப்பவர்களுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் திரும்பி வர வழி இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, பிறகுதான் மாற்றத்தில் கை வைத்தோம்.

"அதற்குத்தான் விண்டோஸிலேயே கோ பேக் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, நல்ல வசதியும்கூட. மேம்படுத்தியதும் பழைய விண்டோஸ் முழுவதும் சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டருக்குப் போய்விடும். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி என்று போனால் அங்கே கோ பேக் பட்டன் கிடைக்கும். ஆனால் அதன் ஆயுள் 10 நாள். அதற்குள் யாராவது டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸை டிக் செய்து அழித்தாலும் வழி அடைபட்டுவிடும். கட்டளை கொடுத்து 60 நாள் வரை நீட்டிக்கலாம்தான். ஆனால் ஹார்ட் டிஸ்க்கே போய்விட்டால் அந்த 60 நாளும் சேர்ந்து போய்விடும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஸ்டோர் பாயின்ட்டையும் நம்ப வேண்டாம், பதிப்பு மாறிய பிறகு பழைய பதிப்புக்கு அது கூட்டிப்போகாது. நான் நம்புவது ஒன்றைத்தான்: முழு டிஸ்க்கின் இமேஜ் (விண்டோஸ், செயலிகள், கோப்புகள் எல்லாம் சேர்ந்த அப்படியே ஒரு நகல்), வெளி ஹார்ட் டிஸ்க்கில்.

தேவையானவை: ஒரு பென் டிரைவ், ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். லேப்டாப்பில் இப்போது எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறதோ அவ்வளவு காலியிடம் வெளி டிஸ்க்கில் இருந்தால் போதும். இமேஜ் சுருக்கப்பட்டுத்தான் சேமிக்கப்படும்.

மென்பொருளில் என் தேர்வு ரெஸ்கியூசில்லா. இலவசம், திறமூலம், எல்லாமே மவுஸில் கிளிக் செய்யும் திரைகள். குளோன்சில்லாவும் நம்பகமானதுதான், ஆனால் நீலத் திரையில் வரிசையாக அது கேட்கும் கேள்விகள் புதியவர்களைப் பயமுறுத்தும். மேக்ரியத்தின் இலவசப் பதிப்பு 2024-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது, பழைய வீடியோக்களைப் பார்த்து அதைத் தேடி அலைய வேண்டாம். கன்ட்ரோல் பேனலில் இன்னும் தெரியும் 'விண்டோஸ் 7 பேக்கப்'பை மைக்ரோசாஃப்ட்டே கைவிட்டு வருடங்கள் ஆகின்றன.

படி 1: லேப்டாப் தகுதியானதா என்று பாருங்கள்

மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் செயலியை ஓட்டினால் நிமிடத்தில் தெரிந்துவிடும். 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க், யுஇஎஃப்ஐ (கம்ப்யூட்டர் பூட் ஆகும் புதிய முறை), டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் சிப்) ஆகியவை வேண்டும். பிராசஸரும் மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் இருக்க வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறையிலிருந்து. டிபிஎம் இல்லை என்று காட்டினால் உடனே மனம் தளர வேண்டாம். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரை) இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரில் அது அணைந்து கிடக்கலாம்.

படி 2: பிட்லாக்கர் சாவி

இதைத் தவறவிடவே கூடாது. பல லேப்டாப்களில் நீங்கள் கேட்காமலேயே பிட்லாக்கரின் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்', அதாவது டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் பூட்டிவைக்கும் வசதி, இயங்கிக்கொண்டிருக்கும். பயாஸில் எதையாவது மாற்றிவிட்டு வந்தால் 48 இலக்க ரெகவரி சாவியைக் கேட்டு நிற்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, டிவைஸ் பக்கத்தில் அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்த்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்தால் பயனில்லை.

அடுத்து, இமேஜ் எடுக்கும் முன் என்க்ரிப்ஷனை அணைத்துவிடுவதே நல்லது. பூட்டிய டிரைவுக்குள் எது தகவல், எது காலியிடம் என்று ரெஸ்கியூசில்லாவுக்குத் தெரியாது. 100 ஜிபி மட்டுமே நிரம்பியிருந்தாலும் முழு 512 ஜிபியையும் நகலெடுக்கும். அணைத்தால் பூட்டு திறந்து முடியக் கொஞ்ச நேரம் பிடிக்கும், சார்ஜரைச் செருகியே வையுங்கள். எல்லா வேலையும் முடிந்ததும் மறக்காமல் மீண்டும் இயக்குங்கள்.

படி 3: பென் டிரைவ் தயார் செய்தல்

ரெஸ்கியூசில்லாவின் ஐஎஸ்ஓ கோப்பை (மென்பொருள் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) இறக்கி, ரூஃபஸ் என்ற இலவசக் கருவி மூலம், கம்ப்யூட்டர் அதிலிருந்தே பூட் ஆகும்படி பென் டிரைவில் எழுதுங்கள். இதே வேலைக்கான வென்டாய் வசதியானதுதான், ஆனால் அங்கீகாரமில்லாத மென்பொருள் பூட் ஆவதைத் தடுக்கும் செக்யூர் பூட்டோடு அது கேட்கும் சாவிச் சடங்கு முதல்முறை செய்பவர்களுக்கு வேண்டாத தலைவலி. பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழியும்.

படி 4: இமேஜ் எடுத்தல் (நான் அதிக நேரம் நின்ற இடம்)

முதல் சிக்கல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது இயங்கும்போது நீங்கள் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை, பாதியைத் தூங்கவைத்துவிட்டுப் போகிறது. அந்த நிலையில் இமேஜ் எடுக்கப் போனால் பார்ட்டிஷன் (டிஸ்க்கின் ஒரு பகுதி) சரியாக மூடப்படவில்லை என்று ரெஸ்கியூசில்லா பிழை காட்டும். ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுங்கள். ரீஸ்டார்ட்டில் விண்டோஸ் முழுமையாக மூடப்படும். திரை கறுத்ததும் பூட் மெனுவுக்கான விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது. ரெஸ்கியூசில்லா திறந்தது, பேக்கப் பட்டனை அழுத்தினேன், பட்டியலில் பென் டிரைவும் வெளி டிஸ்க்கும் மட்டுமே இருந்தன. லேப்டாப்பின் சொந்த எஸ்எஸ்டியைக் காணோம்! டிஸ்க்கில் எந்தக் கோளாறும் இல்லை. பயாஸில் ஸ்டோரேஜ் அமைப்பு 'ரெய்டு' (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும் முறை) அல்லது 'இன்டெல் ஆர்எஸ்டி' என்று இருந்தால், ரெஸ்கியூசில்லா போன்ற லினக்ஸ் அடிப்படையிலான கருவிகளின் கண்ணுக்கு அந்த டிஸ்க் படாமல் போகலாம். பயாஸுக்குள் போய் அதை 'ஏஹெச்சிஐ' என்று மாற்றினேன், மறுமுறை பூட் செய்ததும் எஸ்எஸ்டி வந்துவிட்டது.

ஆனால் கவனம்: ஏஹெச்சிஐ நிலையிலேயே விண்டோஸைத் திறக்கப் போனால் அது பூட் ஆகாமல் முரண்டு பிடிக்கலாம். இமேஜ் எடுத்து முடித்தவுடன், விண்டோஸுக்குள் போவதற்கு முன்பே, பயாஸில் பழையபடி ரெய்டுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றும் முன் திரையை ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்தால் எது எப்படி இருந்தது என்று குழம்பாது. இன்டெல்லின் ஆப்டேன் நினைவகம் (டிஸ்க்கை வேகப்படுத்தும் சிப்) உள்ள லேப்டாப்களிலும், உண்மையாகவே இரண்டு டிஸ்க்கை ரெய்டில் சேர்த்திருப்பவர்களும் இதைச் செய்யக் கூடாது.

டிஸ்க் தெரிந்ததும் அதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த திரையில் பார்ட்டிஷன்கள் வரும். பெரிய சி டிரைவை மட்டும் டிக் செய்யும் ஆசை வரும், செய்யாதீர்கள். பக்கத்தில் நிற்கும் சின்ன இஎஃப்ஐ பார்ட்டிஷன் இல்லாமல் விண்டோஸ் பூட் ஆகாது. எல்லாவற்றையும் டிக் செய்தபடியே விட்டு, சேமிக்கும் இடமாக வெளி டிஸ்க்கைக் காட்டி, பெயரில் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். டிஸ்க்கின் வேகத்தைப் பொறுத்து ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம்.

படி 5: சோதித்துப் பார்த்தல்

திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் வைப்பதில்லை. முகப்புத் திரையில் இருக்கும் 'வெரிஃபை'யை ஓட்டுங்கள். பிறகு 'இமேஜ் எக்ஸ்ப்ளோரர்' வழியாக அந்த இமேஜுக்குள் போய், உங்களுக்கு முக்கியமான ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். அக்காவின் டாலி டேட்டா ஃபோல்டரை அப்படித்தான் உள்ளே போய்ப் பார்த்தோம். அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு நிம்மதி.

படி 6: மேம்படுத்துதல்

இது எளிது. பயாஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாயிற்றா என்று பார்த்து, வெளி டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். சி டிரைவில் 30 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 11 ஐஎஸ்ஓவை இறக்கி, இரட்டைக் கிளிக் செய்து, உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டுங்கள். கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்ளும் தேர்வு இருக்கிறதா என்று கடைசித் திரையில் சரிபார்த்துவிட்டு இன்ஸ்டால் கொடுங்கள்.

முடிந்த அன்றே உங்கள் அன்றாட வேலைகள் ஒவ்வொன்றையும் செய்து பாருங்கள். டோக்கனைச் செருகி உள்நுழைவது, ஒரு பில் அச்சடிப்பது, தமிழ்த் தட்டச்சு, பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதம் சரியாகத் திறக்கிறதா என்பது வரை. அதற்குத்தான் அந்த 10 நாள். சின்னப் பிரச்சினை என்றால் கோ பேக் போதும். அது கைகொடுக்காதபோதுதான் இமேஜ்.

படி 7: இமேஜிலிருந்து திரும்புதல்

இமேஜை ரெஸ்டோர் செய்தால் கம்ப்யூட்டர் இமேஜ் எடுத்த நாளுக்கே போய்விடும். அதற்குப் பிறகு போட்ட பில்களும் எழுதிய கோப்புகளும் அழிந்துவிடும், அவற்றை முதலில் வேறு இடத்தில் நகலெடுங்கள். பிறகு பென் டிரைவில் பூட் செய்து, ரெஸ்டோர் அழுத்தி, எந்த டிஸ்க்கின் மேல் எழுதப்போகிறது என்பதைக் கொள்ளளவை வைத்து இருமுறை பாருங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் கேட்ட இரண்டு விஷயங்கள்.

புதிய எஸ்எஸ்டி வாங்கி அதில் இமேஜை இறக்கலாமா? தாராளமாக. ஆனால் புதியது பழையதன் அளவோ அதைவிடப் பெரியதாகவோ இருக்க வேண்டும். 512-ல் எடுத்த இமேஜ் 256-க்குள் போகாது, உள்ளே 80 ஜிபிதான் நிரம்பியிருந்தாலும் சரி.

இன்னொருவரின் கம்ப்யூட்டர் லெகசி என்ற பழைய பூட் முறையில், எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அமைப்புள்ள டிஸ்க்கில் ஓடியது. விண்டோஸ் 11-க்காக டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய அமைப்புக்கு மாற்றி, பயாஸையும் யுஇஎஃப்ஐக்கு மாற்றிவிட்டார். பிறகு இமேஜை ரெஸ்டோர் செய்ததும் கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை. இமேஜ் பார்ட்டிஷன் அமைப்பையும் சேர்த்தே பழையபடி எழுதும், எனவே டிஸ்க் மீண்டும் எம்பிஆர் ஆகியிருந்தது. பயாஸில் லெகசியைத் திரும்ப இயக்கியதும் விண்டோஸ் 10 வழக்கம்போலத் திறந்தது.